விடுதி அறையில் ஒரு சிறு நிலையம்



தீப்பெட்டிகள் நான்கைந்தை ஒன்றாகச் சேர்த்துக் கட்டினால் எவ்வளவு பருமன் இருக்குமோ, அவ்வளவே பருமனுள்ள ஒரு சிறு பெட்டியைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். அது சட்டைப்பையில் அடங்கும். நிறுத்துப் பார்த்தால் ஒரு மாம்பழத்தின் எடைகூட இராது. பிரயாணம் புறப்படும்போது மூக்குக்கண்ணாடியையும் மருந்துப் புட்டியையும் மறவாமல் எடுத்து வைப்பதுபோல, இப்பொழுது இந்தப் பெட்டியையும் எடுத்து வைக்கிறேன். இதனைத் தமிழில் 'திசைவி' என்று எழுதுகின்றனர். நல்ல சொல்தான். ஆனால் பதுளை நகரத்துக் கடையொன்றில் நுழைந்து, "திசைவி ஒன்று கொடுங்கள்" என்று கேட்டால் கடைக்காரர் திகைத்து நிற்பார். 'ரவுட்டர்' என்றால் உடனே எடுத்துத் தருவார். ஆகவே நானும் ரவுட்டர் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். தமிழன்பர்கள் பொறுத்தருள்க.

நான் மின்னியல் வல்லுநன் அல்லன். தோட்டப் பாடசாலைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகையோடு காலங்கழித்து ஓய்வு பெற்றவன். அப்படிப்பட்டவன் இப்பொருள்பற்றிப் பேசத் துணிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதனைச் சற்று வெட்கத்தோடுதான் சொல்லவேண்டியிருக்கிறது.

ஊவா மலைநாட்டுக்கு ஓய்வு நாடி வருவோர் தொகை பெரிது என்பதை நீங்கள் அறிவீர்கள். அப்புத்தளையில் மூடுபனியைப் பார்க்க வருவோர், பண்டாரவளையின் மிதமான குளிரை நாடி வருவோர், எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தில் நின்று படம் எடுக்க வருவோர் எனப் பலதிறத்தார். அவர்கள் தங்குவதற்கென்று புதிய விடுதிகளும் எழுந்துள்ளன. முன்னொரு காலத்தில் துரைமார் வாழ்ந்த பங்களாக்கள் பலவும் விடுதிகளாகிவிட்டன. குளிர்காய அடுப்பு, நீண்ட விறாந்தை, பூந்தோட்டம், காலையில் ஒரு கோப்பை ஊவாத் தேநீர். இவற்றோடு இக்காலத்து விருந்தினர் வேறொன்றையும் கேட்கின்றனர். பெட்டியைக் கீழே வைக்குமுன்பே, "வைஃபை இருக்கிறதா?" என்பதே முதற்கேள்வி.

2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் நானும் என் மனைவியும் எல்லவுக்கு அண்மையில் ஒரு விடுதியில் மூன்று நாள் தங்கினோம். விடுதியின் பெயர் இங்கு வேண்டாம். நடந்ததில் அவர்கள் குற்றம் ஏதும் இருந்ததாக என்னால் சொல்ல இயலாது. சாப்பாட்டு மேசையில், உப்புப் புட்டிக்குப் பக்கத்தில், ஓர் அட்டை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும் அதில் அச்சிடப்பட்டிருந்தன. எல்லா அறைகளுக்கும் ஒரே கடவுச்சொல். அட்டையின் ஓரம் பழுத்திருந்ததிலிருந்து, அந்தச் சொல் நெடுநாளாக மாற்றப்படவில்லை என்பதும் தெரிந்தது. வந்து போன விருந்தினர், வாசலில் காத்துநிற்கும் முச்சக்கரவண்டிச் சாரதிகள், பக்கத்து விடுதிப் பையன்கள் எல்லாரும் அறிந்த இரகசியம் அது.

இரண்டாம் நாள் மாலை மழை பிடித்துக்கொண்டது. கட்டிலில் சாய்ந்தபடி கைத்தொலைபேசியைத் திறந்தேன். விடுதியின் பெயரோடு ஒன்றன்று, இரண்டு வைஃபைகள் தென்பட்டன. ஒன்றில் ஓர் எழுத்து மட்டும் வேறாக இருந்தது. இரண்டாவது வலுவாக இருந்ததால் அதையே தொட்டேன். கடவுச்சொல் கேட்கவில்லை. விடுதியின் படத்தோடு ஒரு பக்கம் விரிந்து, "உங்கள் மின்னஞ்சல் முகவரியையும் அதன் கடவுச்சொல்லையும் இடுக" என்றது. இட்டேன். இணையம் திறந்தது; செய்தித்தாள் படித்தேன்; உறங்கிவிட்டேன்.

வீடு திரும்பி இரண்டு நாள் கழித்து என் அஞ்சற்பெட்டி எனக்கே திறக்க மறுத்தது. அதற்குள் என் பெயரால் கடிதங்கள் போயிருந்தன. நான் திடீரென நோயுற்று ஆசுபத்திரியில் கிடப்பதாகவும், அவசரமாகப் பணம் தேவையென்றும், ஒரு வங்கிக் கணக்குக்கு அனுப்புமாறும் யாரோ எழுதியிருந்தான். அறிந்தவர் பலர் ஐயுற்றுப் பேசாமல் இருந்துவிட்டனர். ஒருத்தி மட்டும் அனுப்பிவிட்டாள். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்த தாயின் மகள். என்னிடம் ஐந்தாண்டு படித்தவள். இப்போது கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். 15,000 ரூபாய். மூன்றாம் நாள் தொலைபேசியில் அழைத்து, "சேர், இப்ப சுகந்தானே? ஒப்பரேசன் ஒன்றும் இல்லையே?" என்று கேட்டாள். அப்பொழுதுதான் முழுக்கதையும் எனக்கு விளங்கியது.

பொலிசில் முறைப்பாடு செய்தேன். செய்தவன் யாரென்று தெரியவரவில்லை. அடுத்த அறையில் தங்கியவனாகவும் இருக்கலாம். மதிலுக்கு அப்பால் வாகனத்தில் இருந்தவனாகவும் இருக்கலாம். அவளுடைய பணத்தை நான் திருப்பிக் கொடுத்தேன். அவள் வாங்க மறுத்ததும், நான் ஆசிரியன் என்ற அதிகாரத்தை உபயோகித்து வாங்கச் செய்ததும் வேறு கதை.

இது எவ்வாறு நடக்கமுடிந்தது என்பதை, வானொலி நேயர்களாகிய உங்களுக்கு விளக்குவது மிக எளிது. வைஃபை என்பது வானொலியே. எங்கள் குரல் அலையாகப் புறப்பட்டு, யார் யார் பெட்டியைத் திருப்பி வைத்திருக்கிறார்களோ அவர்கள் வீட்டிலெல்லாம் கேட்கிறதன்றோ? அதுபோலவே விடுதியின் ரவுட்டரும் ஒரு சிறு ஒலிபரப்பு நிலையம். உங்கள் கைத்தொலைபேசியும் ஒரு நிலையம். இரண்டும் மாறி மாறிப் பேசிக்கொள்கின்றன. அந்தப் பேச்சு உங்கள் அறையோடு நிற்பதில்லை. சுவரைக் கடந்து விறாந்தைக்கும் போகிறது. மேலும், எந்த நிலையமும் தனக்கு எந்தப் பெயரையும் சூட்டிக்கொள்ளலாம். வேறொருவன் ஒரு பெட்டியை வைத்து, "இது இலங்கை வானொலி" என்று அறிவித்தால் கேட்பவர் எப்படி அறிவார்? என் விஷயத்தில் நடந்தது அதுவே.

இந்தக் கலையின் ஒரு மூலம் நம்முடையதைப் போன்றதொரு தீவுநாட்டில் இருக்கிறது என்பது எனக்கு ஒரு வியப்பு. ஹவாய்த் தீவுகளில் பல்கலைக்கழகத்தின் கணிப்பொறியைத் தீவுக்குத் தீவு கம்பியில்லாமல் இணைக்கும் ஏற்பாட்டை நோர்மன் ஏப்ரம்சனும் அவர் குழுவினரும் 1971இல் இயக்கிக் காட்டினர். பல நிலையங்கள் ஒரே அலையைப் பங்கிட்டுப் பேசுவது எவ்வாறு என்பதே அவர்கள் ஆராய்ந்த பிரச்சினை. இன்றைய வைஃபை அதன் வழிவந்தது. அது இன்னும் நாகரிகமானது. தான் பேசுமுன் வேறெவரும் பேசுகிறார்களா என்று செவிகொடுத்துக் கேட்டுவிட்டே பேசும். மனிதர் கூட்டங்களில்கூட இவ்வொழுக்கத்தை நாம் அதிகம் காண்பதில்லை.

என் தமக்கையின் மகன் கொழும்பில் கணினி நிறுவனமொன்றில் வேலை பார்க்கிறான். நடந்ததைக் கேட்டு அவன் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அடுத்த ஆண்டு பண்டாரவளைக்கு மேலேயுள்ள ஒரு பழைய பங்களா விடுதிக்கு எங்களை அழைத்துச் சென்றான். அங்கேதான் இந்தப் பெட்டியைத் தன் பையிலிருந்து எடுத்து மேசைமீது வைத்து, "மாமா, இனி எந்த விடுதிக்குப் போனாலும் உங்கள் வாயிலை நீங்களே கொண்டுபோங்கள்" என்றான்.

அது செய்யும் வேலை இது. விடுதியின் வைஃபையோடு உங்கள் தொலைபேசி, மனைவியின் தொலைபேசி, மருமகனின் கணினி ஒவ்வொன்றும் தனித்தனியே போய் இணைய வேண்டியதில்லை. பெட்டி மட்டும் ஒரு விருந்தினனைப்போலச் சென்று விடுதியோடு இணைந்துகொள்ளும். பிறகு அறைக்குள் தன் சொந்தப் பெயரில், தன் சொந்தக் கடவுச்சொல்லோடு, ஒரு சிறு வைஃபையை அதுவே எழுப்பும். வீட்டில் வைத்திருக்கும் அதே பெயரையும் சொல்லையும் அதற்குக் கொடுத்துவிட்டால், உங்கள் கருவிகள் யாவும் வீட்டுக்கு வந்துவிட்டதாகவே எண்ணித் தாமாக இணைந்துவிடும். அடுத்த அறைக்காரன் தன் கருவியால் துழாவிப் பார்த்தாலும், அவன் கண்ணுக்கு அந்தப் பெட்டி ஒன்றுதான் தென்படும். அதற்குப் பின்னால் இருக்கும் கருவிகளை அவன் காணமாட்டான்.

அந்த விடுதியில் ஒவ்வோர் அறைக்கும் ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தார்கள். அறை இலக்கத்தையும் அதிலுள்ள எண்ணையும் இட்டாலே இணையம் திறக்கும். இரண்டு கருவிகளுக்குமேல் இடமில்லை. பெட்டியை இணைத்துவிட்டு, அதன் வழியாகத் தொலைபேசியில் ஒரு பக்கத்தைத் திறந்தபோது அந்த விடுதிப் பக்கம் வந்து நின்றது. ஒருமுறை எண்ணை இட்டோம். விடுதியின் கணக்கில் எங்கள் குடும்பம் முழுவதும் ஒரே கருவி. இது முறையா என்று மனைவி கேட்டாள். கேட்கவேண்டிய கேள்விதான். விடுதி அலுவலகத்தில் கேட்டோம். ஓர் அறைக்குள் மட்டும் என்றால் தமக்கு ஆட்சேபனை இல்லை என்றார்கள். கேட்டுவிட்டுச் செய்வதில் யாருக்கும் குறைந்துபோவதில்லை.

சுவரில் வலையமைப்புக் கம்பிக்குரிய துவாரம் இருந்தால் கம்பி வழியாகவும் பெட்டியை இணைக்கலாம். அது இன்னும் உறுதியானது. ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பெட்டியில் இரண்டு துவாரங்கள் இருக்கும். ஒன்று வெளியுலகுக்கு, மற்றது உள்வீட்டுக்கு. உள்வீட்டுத் துவாரத்தைத் தவறுதலாகச் சுவரோடு இணைத்துவிட்டால், உங்கள் பெட்டி தானே அந்த விடுதிக்கு எசமான் என்று எண்ணிக்கொண்டு மற்ற அறைகளின் கருவிகளுக்கெல்லாம் முகவரி வழங்கத் தொடங்கிவிடும். விடுதி முழுவதும் இணையம் தடுமாறும்; காரணம் எவருக்கும் புலப்படாது. துவாரத்தின்மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டே கம்பியைச் செருகுங்கள்.

பழைய பங்களாக்களைப்பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்லவேண்டும். அவை கருங்கல்லால் கட்டியவை. அப்புத்தளையில் சர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டி 1931இல் முடித்த அடிஷம் மாளிகையை நீங்கள் பார்த்திருந்தால், அக்காலத்தார் சுவருக்கு எவ்வளவு கனம் கொடுத்தார்கள் என்பது தெரியும். குளிரை வெளியே நிறுத்த எழுந்த அச்சுவர், அலையையும் வெளியே நிறுத்திவிடுகிறது. வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் பேசுகிறது. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை மெதுவானது, ஆனால் சுவரை ஓரளவு கடக்கும். 5 கிகாஹேர்ட்ஸ் அலை விரைவானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். ஆகவே பெட்டி விடுதியோடு பேசுவதற்கு முதலாவதையும், அறைக்குள் நம்மோடு பேசுவதற்கு இரண்டாவதையும் வைத்துக்கொள்வது நலம். இரண்டு வேலைக்கும் ஒரே அலையைக் கொடுத்தால் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஒரு வாயால் இருவரோடு பேசுபவன் நிலைதான். பெட்டியை எங்கே வைப்பது? கட்டிலுக்கடியிலும் இரும்பு அலுமாரிக்குள்ளும் வேண்டாம். கதவோரத்திலோ சாளரத்தின் படியிலோ வையுங்கள். எங்கள் அறையில், குளிர்காயும் அடுப்பின் மேலிருந்த பலகையிலிருந்து சாளரத்துக்கு நான்கடி நகர்த்தியதும் வேகம் இரட்டித்தது.

மின்சாரத்துக்கு அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. தொலைபேசிக்கு மின்னேற்றும் அதே சிறு கம்பி போதும். ஆனால் பழைய பங்களாக்களில் சுவரிலுள்ள பிளக் உருண்டை முள்ளுக்குரியதாக இருக்கும்; புதிய செருகிகளோ சதுர முள்ளுடையவை. இடையில் பொருத்தும் துண்டொன்றை எடுத்துச் செல்லாதவர் இரவிலே பண்டாரவளைக் கடைத்தெருவுக்கு ஓடவேண்டிவரும். 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டிருந்ததை நாம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட வேளையில் கையிலுள்ள மின்கலத்தில் நம் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்; விடுதியின் பெட்டி அணைந்துகிடக்கும். பேசுவதற்கு மறுபக்கத்தில் ஆளில்லாத பேச்சால் பயன் என்ன?

அதற்குத்தான் சிம் அட்டை இடக்கூடிய பெட்டிகள் உள்ளன. அவை விடுதியின் உதவியை நாடுவதில்லை. தொலைபேசி நிறுவனத்தின் கோபுரத்தோடு நேரே பேசும். போலிப் பெயர் சூட்டிய விடுதி வைஃபை பற்றிய அச்சமும் அங்கே இல்லை. என் தனிப்பட்ட விருப்பம் அதுவே. ஆனால் ஊவாவின் மலைகளுக்கு நம் விருப்பம் தெரியாது. 1924இல் பதுளைக்குப் புகைவண்டி வந்தது. தெமோதரையில் மலை வழிவிடாதபோது இருப்புப்பாதை தன்னைத்தானே சுற்றிவந்து தன் கீழாகவே புகுந்து இறங்கியது. கோபுரத்திலிருந்து வரும் அலைக்கு அவ்வளவு சாமர்த்தியம் இல்லை. ஒரு முகடு குறுக்கே நின்றால், இந்தப் பக்கத்துப் பங்களாவுக்கு நான்கு கோடு தெரியும். அந்தப் பக்கத்து மடுவிலுள்ள லயத்துக்கு ஒரு கோடும் தெரியாது. இது விருந்தினருக்கு ஓர் அசௌகரியம். அங்கேயே பிறந்து வாழ்வோருக்கு அது என்ன என்பதற்குப் பின்னர் வருகிறேன்.

பெட்டி கையில் இருந்துவிட்டால் தாயத்துக் கட்டியதுபோல் இனிப் பயமில்லை என்று எண்ணுவோருக்கு ஒன்று சொல்லவேண்டும். நான் ஏமாந்த அந்தப் போலி வைஃபையோடு இந்தப் பெட்டியையே இணைத்திருந்தால், அதுவும் என்னைப்போலவே ஏமாந்திருக்கும். பெட்டிக்குக் கதவு உண்டு, அறிவு இல்லை. விடுதியின் வைஃபைக்குச் சரியான பெயர் எது என்று அங்குள்ளவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். எந்த விடுதிக்கும் உங்கள் மின்னஞ்சலின் கடவுச்சொல் தேவையில்லை; கேட்கும் பக்கம் விடுதியினுடையதன்று. வங்கிகளும் அஞ்சல் நிறுவனங்களும் தம் உரையாடலை இக்காலத்தில் உறையிட்டே அனுப்புகின்றன என்பது மெய். ஆனால் உறை என்பது வழியிலே ஒருவன் படிக்கமாட்டான் என்பதற்கே உத்தரவாதம். பெறுகிறவன் யோக்கியன் என்பதற்கு அன்று. வி.பி.என். என்னும் ஏற்பாட்டைப் பெட்டியிலேயே அமைத்துவிட்டால், அறையிலுள்ள எல்லாக் கடிதங்களும் இன்னொரு பெரிய உறைக்குள் புகுந்து விடுதியைக் கடந்து செல்லும். மருமகன் அதை எனக்கு அமைத்துத் தந்தான். அத்தோடு, பெட்டியை விற்றபோது அதனுள் இருந்த கடவுச்சொல்லை அன்றே மாற்றச் செய்தான். 'அட்மின்' என்ற சொல்லோடு உலகமெங்கும் எத்தனை பெட்டிகள் திறந்துகிடக்கின்றனவோ! வைஃபைக்கு என் பெயரையும் அறை இலக்கத்தையும் வைக்கப்போனேன், அதையும் தடுத்துவிட்டான். யார் எந்த அறையில் இருக்கிறார் என்பதை ஒலிபரப்ப வேண்டிய அவசியம் என்ன?

இவையெல்லாம் ஓய்வுபெற்ற ஆசிரியனுக்கு வேண்டிய மிகை எச்சரிக்கை என்று எண்ணுவோரும் உண்டு. 2014ஆம் ஆண்டு நவம்பரில் கஸ்பெர்ஸ்கி என்னும் கணினிப் பாதுகாப்பு நிறுவனம் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆசியாவின் உயர்தர விடுதிகளில் தங்கும் பெருநிறுவன அதிகாரிகளைக் குறிவைத்து ஒரு கூட்டத்தார் பல ஆண்டுகளாக விடுதி வலையமைப்புகளிலேயே பதுங்கியிருந்தனர் என்று அது கூறியது. விருந்தினர் தம் பெயரையும் அறை இலக்கத்தையும் இட்டு உள்ளே நுழைந்ததும், "உங்கள் மென்பொருளைப் புதுப்பியுங்கள்" என்று ஓர் அறிவிப்பு வருமாம். புதுப்பித்தவர் கணினியில் திருடன் குடியேறிவிடுவான். விடுதியில் தங்கும்போது வரும் எந்தப் 'புதுப்பி'யையும் வீடு திரும்பும்வரை தள்ளிப்போடுங்கள்.

சொந்த வைஃபை எழுப்ப விருந்தினனுக்கு உரிமை உண்டா என்ற கேள்வி ஒருமுறை அமெரிக்காவில் பெரிதாக எழுந்தது. நாஷ்வில் நகரில் மரியட் நிறுவனம் நடத்திய கேலார்ட் ஓப்ரிலாந்து என்னும் பெருவிடுதிக்கு மாநாடொன்றுக்காக வந்த ஒருவர், தம் சொந்த வைஃபை அங்கே இயங்காதபடி தடுக்கப்படுகிறது என்று 2013இல் முறைப்பாடு செய்தார். அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணைக்குழு விசாரித்தது. விருந்தினரின் கருவிகளை அவர்களுடைய சொந்த வைஃபையிலிருந்து துண்டித்துவிடும் சமிக்ஞைகளை மாநாட்டு மண்டபங்களில் ஊழியர் அனுப்பியது வெளிப்பட்டது. அதே வேளையில் விடுதியின் வைஃபைக்கு, கருவி ஒன்றுக்கு 250 முதல் 1,000 டொலர் வரை கட்டணம் அறவிட்டிருந்தனர். 2014 ஒக்டோபரில் அந்நிறுவனம் 600,000 டொலர் தண்டம் செலுத்த ஒப்புக்கொண்டது. போலி வைஃபைகளிடமிருந்து விருந்தினரைக் காப்பதற்காகவே அவ்வாறு செய்தோம் என்று அவர்கள் வாதித்தனர். அந்த வாதத்தை வெறும் சாட்டு என்று முழுவதும் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை; நான் விழுந்ததும் அத்தகைய குழியில்தானே! ஆயினும் திருடன் வருவான் என்பதற்காக ஊரார் கதவுகளையெல்லாம் அடித்துச் சாத்துவதும், சாத்திவிட்டுத் தன் வாயிலுக்கு ஆயிரம் டொலர் கேட்பதும் காவல் ஆகாது. 2015 ஜனவரியில், இவ்வாறு தடுப்பது சட்டவிரோதம் என்று ஆணைக்குழு பகிரங்கமாக எச்சரித்தது. விடுதியாரும் தம் மனுவை மீட்டுக்கொண்டனர்.

கதவு யார் கையில் இருக்கவேண்டும் என்ற வழக்கு அது. நம் மலைநாட்டில் பலருக்குக் கதவே இல்லை. 2021இல் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது, பதுளை மாவட்டத்து லுணுகலைப் பகுதியில், காட்டு மலையுச்சியில் ஒரு மரத்தின்மேல் ஏறத்தாழ 30 அடி உயரத்திலிருந்த பரணுக்குப் பிள்ளைகளைப் பெரியவர்கள் அழைத்துப் போனார்கள். அங்கேதான் அலை எட்டியது. பிள்ளைகள் முறைவைத்து ஏறிப் பாடங்களைப் பெற்றனர். பொகிட்டியாவ என்னும் சிற்றூரில், ஆசிரியையும் மாணவரும் சிறுத்தையும் யானையும் உலவும் புதர்வழியே 3 கிலோமீற்றருக்குமேல் நடந்து பாறையொன்றில் ஏறினர். இச்செய்தி உலகப் பத்திரிகைகளிலெல்லாம் வந்தது. அதைப் படித்தபோது எனக்குக் கொத்மலைச் சமுதாய வானொலி நினைவுக்கு வந்தது. 1990களின் இறுதியில் அந்நிலையத்தார் நேயர்களின் கேள்விகளைப் பெற்று, இணையத்தில் தேடி, விடையை ஒலிபரப்பிலே சொன்னார்கள். தம்மிடமிருந்த ஒரு வாயிலை ஊருக்கே திறந்து வைத்தார்கள்.

அந்தப் பண்டாரவளைப் பங்களாவில் எங்களுக்குச் சமைத்துப் போட்டவர், பங்களா அப்பு என்று எல்லாரும் அழைக்கும் ஒரு முதியவர். கடைசி இரவு மழை பெய்துகொண்டிருந்தது. சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துவிட்டும் அவர் போகாமல் கதவோரம் நின்றார். கேட்டபிறகுதான் சொன்னார். மகளின் மகள் தொழிற்பயிற்சி நிலையமொன்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இணையவழியாக மட்டுமே ஏற்பார்கள். அன்று நள்ளிரவோடு முடிவு. லயத்தில் அலை இல்லை. பகலில் நகருக்குப் போக வேலை விடவில்லை. ஊழியருக்கு விடுதியின் துண்டுக் காகிதம் கொடுப்பதில்லை. "ஐயா கோவிச்சுக்கக் கூடாது" என்று இரண்டுமுறை சொன்னார்.

பிள்ளை ஏற்கெனவே சமையலறையில் காத்திருந்தாள். சான்றிதழ்களைப் பொலித்தீன் பையில் சுற்றி மார்போடு அணைத்திருந்தாள். ஓர் அறைக்குள் மட்டும் என்று விடுதிக்கு நாங்கள் சொல்லியிருந்தோம் அல்லவா? ஆகவே மருமகன் விடுதியின் தொடுப்பைத் துண்டித்துவிட்டுத் தன் சிம் அட்டையைப் பெட்டியில் இட்டான். பெட்டியில் 'விருந்தினர்' என்றொரு தனி வாயில் உண்டு. வருபவர் இணையத்துக்குப் போகலாம், நம் கருவிகளைத் தொடமுடியாது. அதைத் திறந்து, ஒரு கடவுச்சொல்லைத் தாளில் எழுதி அவளிடம் கொடுத்தான். அலை இரண்டு கோடுதான். சாளரக் கண்ணாடியை ஒட்டிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். முதற் சான்றிதழ் போயிற்று. இரண்டாவது பாதியில் அறுந்து, மறுபடி தொடங்கியது. மூன்றாவதற்கு அப்பு தாழ்வாரத்தில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

11.40 மணிக்கு விண்ணப்பம் கிடைத்ததென்று ஓர் இலக்கம் திரையில் வந்தது. தொலைபேசியிலேயே அது இருக்கும் என்று மருமகன் சொன்னான். அவள் நம்பவில்லை. சமையலறையிலிருந்து வெறுமையான தேயிலைப் பக்கற் ஒன்றை எடுத்துவந்து, உட்புறத்தைத் திருப்பி, இலக்கத்தை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள். எழுதியதைத் திரையோடு ஒப்புநோக்கி எனக்கு வாசித்தும் காட்டினாள். பிறகு பாட்டனார் குடையை விரிக்க, இருவரும் லயத்துப் பாதையில் இறங்கினார்கள். அவர்கள் கைவிளக்கு வளைவில் மறையும்வரை பார்த்திருந்துவிட்டு, விருந்தினர் வாயிலை மூடினேன்.